உபி அச்சுக்கடையில் ஒரு பில், சியாட்டிலில் நாலு வவுச்சர்: தேர்தல் பணத்தை எந்த இடத்தில் பிடிப்பது?

அச்சுக்கடைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனத்தை அரிக்கும் ஒரு கேள்வி. சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் பொறுமையாக விளக்குங்கள்.

சிங்கப்பூரில், உபி வட்டாரத்தில் ஒரு சின்ன அச்சுக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. முதலாளி ஜொகூர்க்காரர், இங்கே நிரந்தரவாசி. கம்பெனி அவர் பெயரிலும் அவர் தம்பி பெயரிலும் இருக்கிறது. 2025 மே மாதம் நடந்த பொதுத் தேர்தலுக்கு எங்கள் கடையில் ஒரு வேட்பாளருக்குத் துண்டுப்பிரசுரமும் போஸ்டரும் அடித்தோம். எந்தக் கட்சி என்பது வேண்டாம். ஏப்ரல் 23 வேட்புமனுத் தாக்கல், மே 3 வாக்களிப்பு. நடுவில் ஒன்பது நாள்தான் பிரசாரம். அந்த ஒன்பது நாளும் எங்கள் மிஷின் மூச்சு விடவில்லை.

முதலாளிக்கு அந்த வேட்பாளரின் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. "ஐயாயிரம் பிரதி நம்ம கணக்குல போகட்டும்மா, பில்லுல சேர்க்காதே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் அந்த வரியை எடுத்துவிட்டு பில்லைத் தயாராக வைத்தேன்.

வாங்க வந்தவர் அவர்களுடைய தேர்தல் முகவர். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், எழுபது வயது இருக்கும், கையில் ஒரு தடித்த ஃபைல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே பில்லை மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தார். "முப்பதாயிரம் அடிச்சீங்க, இருபத்தையாயிரத்துக்குத்தானே போட்டிருக்கீங்க?" விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அவர் பயந்துபோனார்.

பிறகு உட்கார்ந்து, வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னார். கடைக்காரர் மற்றவர்களுக்கு விற்கும் விலையைவிடக் குறைத்து ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தால், குறைத்த தொகை சட்டப்படி நன்கொடை. நன்கொடை தர வேண்டுமானால் 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். கம்பெனி என்றால் இயக்குநர்களிலும் பங்குதாரர்களிலும் பெரும்பாலோர் சிங்கப்பூரர்களாக இருக்க வேண்டும், தொழிலும் முக்கியமாக இங்கேயே நடக்க வேண்டும். 2000இல் வந்த அரசியல் நன்கொடைச் சட்டம் இப்படிச் சொன்னது. 2023 கடைசியில் அது வெளிநாட்டுத் தலையீட்டுத் தடைச் சட்டத்துக்குள் போய்விட்டது, ஆனால் இந்த விதி அப்படியே இருக்கிறது. "உங்க முதலாளி நல்லவர்தாம்மா. ஆனா இந்த ஐயாயிரம் தாளை நான் ஓசியில வாங்கினா, சட்டத்தோட கண்ணுல அது வெளிநாட்டுப் பணம்."

முழுத் தொகைக்கும் புதுப் பில் அடித்தேன். அவர் இன்னொன்றும் கேட்டார். "இன்னிக்கே குடுத்துடுங்க. மாசக் கடைசியில மத்த பில்லோட சேர்த்து அனுப்பலாம்னு வெச்சுடாதீங்க." தேர்தல் முடிவு அரசிதழில் வெளிவந்து 14 நாளுக்குள் பில் அவர் கைக்கு வராவிட்டால் அவர் எங்களுக்குப் பணம் கொடுக்கவே கூடாதாம். வந்த பில்களை 28 நாளுக்குள் தீர்க்க வேண்டும். 31 நாளுக்குள் மொத்தக் கணக்கும் தேர்தல் துறைக்குப் போக வேண்டும். பத்து வெள்ளிக்கு, அதாவது பத்து சிங்கப்பூர் டாலருக்கு, குறைந்த செலவு தவிர எல்லாவற்றுக்கும் பில்லோ ரசீதோ வேண்டும். அவர் ஃபைலைத் திறந்து காட்டினார். கேபிள் டை வாங்கிய ரசீதைக்கூட வெள்ளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தார்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், இங்கே செலவுக்கு உச்சவரம்பு உண்டு. இந்தத் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 5 வெள்ளி. ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியில் 30,000 வாக்காளர்கள் என்றால் 150,000 வெள்ளி, அதற்கு மேல் ஒரு காசு கூடாது. பல வேட்பாளர்கள் ஒரே குழுவாக நிற்கும் குழுத்தொகுதி என்றால் அந்தத் தொகை குழுவில் உள்ளவர்களுக்குள் பங்கு பிரிகிறது.

இனி என் தங்கை கதை. அவள் அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில் இருக்கிறாள், கிரீன் கார்டு. அங்கே ஓட்டுப் போட முடியாது. ஆனால் 2025இல் தபாலில் அவளுக்கு நாலு வவுச்சர் வந்தது, ஒவ்வொன்றும் 25 டாலர், நகராட்சி அனுப்பியது. தனக்குப் பிடித்த வேட்பாளர் பெயரை அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நகராட்சியின் பணம் அந்த வேட்பாளருக்குப் போகும். 2015இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த திட்டம், செலவு சொத்துவரியிலிருந்து. கேட்டதும் எனக்கு ஆச்சரியம். இங்கே நிரந்தரவாசியான என் முதலாளி ஐயாயிரம் தாளைத் தர முடியாது. அங்கே நிரந்தரவாசியான என் தங்கைக்கு அரசாங்கமே பணத்தைக் கையில் கொடுத்து "கொடு" என்கிறது.

அதே தங்கைதான் சொன்னாள், 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஈலோன் மஸ்க் ஒருவர் மட்டும் 250 மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்தார் என்று. அவ்வளவு செலவழிக்க அங்கே சட்டத்தில் தடை இல்லையாம். அந்த மனிதருக்கு அவ்வளவும் சரி என்றால், கேபிள் டை ரசீதை ஒட்டிய எங்கள் பெரியவர் எதற்காகப் பயந்தார்?

அமெரிக்காவில் நூறு வருஷமாகச் சட்டம் போட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள். ஏன் நிற்கவில்லை? நம் ஊர் மாதிரி உச்சவரம்பு வைத்தால் தீர்ந்துவிடுமா, அல்லது எனக்குத் தெரியாத ஓட்டை இங்கேயும் இருக்கிறதா?

---

பழைய குமாஸ்தா

அம்மா, உங்கள் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முப்பது வருஷம் வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அப்படி ஒரு ஃபைலைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

அமெரிக்காவில் முடிச்சு விழுந்தது 1976இல். அதற்கு முன்பே, 1907இல், கம்பெனிகள் தேர்தலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று டில்மன் சட்டம் வந்துவிட்டது. அதிபர் நிக்சனைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஊழலின் நாற்றத்துக்குப் பிறகு 1974இல், கொடுப்பதற்கும் வரம்பு, செலவழிப்பதற்கும் வரம்பு என்று நம் ஊர் மாதிரியே ஒரு முழுச் சட்டம் போட்டார்கள். ஜேம்ஸ் பக்லி என்ற செனட்டரும் வேறு சிலரும் வழக்குக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தேங்காய் உடைப்பது போல இரண்டாக உடைத்தது. கொடுப்பதற்கு வரம்பு வைக்கலாம், ஏனென்றால் கொடுத்தவன் நாளைக்குக் காரியம் கேட்பான். செலவழிப்பதற்கு வரம்பு வைக்கக் கூடாது, ஏனென்றால் பணம் இல்லாமல் ஊருக்குக் கேட்கும்படி பேச முடியாது, அது பேச்சுரிமையைப் பறிப்பது. தீர்ப்பின் அடிக்குறிப்பில் ஓர் உவமை இருக்கிறது: எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கார் ஓட்டலாம், ஆனால் ஒரே ஒரு டாங்க் பெட்ரோல்தான் என்பது போலாகும் என்று. நான் அதைப் படித்தபோதெல்லாம் நினைப்பது, காரே இல்லாதவன் அந்த நீதிமன்றத்தில் யார் கண்ணிலும் படவில்லையே என்று.

மஸ்க் எப்படி வந்தார் என்றால், 2010 ஜனவரி 21. ஹில்லாரி கிளின்டனைத் தாக்கி எடுத்த ஒரு படம் சம்பந்தப்பட்ட வழக்கு, சிட்டிசன்ஸ் யுனைடெட். வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவழித்தால் கம்பெனிகளுக்கும் தடை கிடையாது என்று ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். இரண்டே மாதத்தில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்பீச்நவ் வழக்கில் இன்னொரு படி போனது. தனியாகச் செலவழிக்கும் அமைப்புக்கு யாரும் எவ்வளவும் கொடுக்கலாம் என்றது. சூப்பர் பேக் என்று சொல்லும் அந்த வகை அமைப்பு பிறந்தது அங்கேதான். அந்த இரண்டாவது தீர்ப்பை எதிர்த்து அரசாங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை.

இங்கே அந்தக் கதவு கிடையாது. வேட்பாளர், அவருடைய முகவர், அவர்கள் எழுத்தில் அனுமதி கொடுத்தவர்கள், இவர்களைத் தவிர வேறு யாரும் தேர்தல் செலவு செய்யக் கூடாது. உங்கள் 5 வெள்ளி வரம்பு நிற்பதற்கு இதுதான் காரணம். பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டால் என்ன பயன்?

மொன்டானா மாநிலத்தைப் பற்றி நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். அது செப்புச் சுரங்க ஊர். வில்லியம் கிளார்க் என்ற சுரங்க முதலாளி 1899இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கே பணம் கொடுத்து செனட் பதவியைப் பிடித்தார். அப்போது செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது சட்டமன்றம்தான். அந்த அவமானத்தை மறக்காத மக்கள் 1912இல் தாங்களே வாக்களித்து, கம்பெனிப் பணம் தேர்தலுக்குள் வரக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். நூறு வருஷம் அது நின்றது. 2012இல் உச்ச நீதிமன்றம் வாதத்தைக்கூட நேரில் கேட்காமல் சில வரிகளில் அதைச் செல்லாதாக்கியது.

ஆனாலும் விடவில்லை. மேய்ன் மாநிலத்தில் 2024 நவம்பரில், சூப்பர் பேக்குக்கு ஒருவர் 5,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்ற சட்டத்துக்கு ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள். வழக்கு வரும் என்று தெரிந்தேதான் கொண்டுவந்தார்கள். ஸ்பீச்நவ் கேள்வி எப்படியாவது உச்ச நீதிமன்றப் படியேற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் தடை போட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் சட்டத்துக்கு மூலம் 1883ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம். அந்த வழியில் வந்த விதிப்படி, பிரிட்டனில் வெளியாள் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ 5 பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று முன்பு இருந்தது. பில்லிஸ் போமன் என்ற பெண்மணி 1992 தேர்தலில் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக வழக்கில் மாட்டினார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998இல், 5 பவுண்டு என்பது வாயைக் கட்டுவதுதான் என்று சொன்னது. பிறகு வரம்பை 500 பவுண்டாக்கினார்கள். வரம்பு வேண்டும் என்பவன் நான். ஆனால் சாதாரண மனுஷி தன் காசில் நாலு தாள் அடித்துக் கொடுக்க முடியாத அளவுக்கு அது இறுகக் கூடாது.

---

வேலூர்ப் பையன்

அக்கா, நான் துவாஸில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு தூங்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2019 நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போடவே லீவு எடுத்து ஊருக்குப் போனேன். டிக்கெட் காசு மூன்று மாதம் சேர்த்தது. ஏப்ரல் 18 ஓட்டு. 16ஆம் தேதி சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது டிவியில் வேலூர்த் தொகுதித் தேர்தல் ரத்து என்று ஓடியது. ஒரு சிமென்ட் கிடங்கில் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் கட்டுக்கட்டாகப் பிடிபட்டிருந்தது. டீக்கடையில் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை அக்கா. ஒரு பெரியவர், "அப்போ நமக்கு வராதா?" என்று கேட்டார். நான் திரும்பி சிங்கப்பூர் வந்த பிறகு ஆகஸ்ட் 5இல் தேர்தல் நடந்தது. என் ஓட்டு போனது போனதுதான்.

எங்கள் அம்மாவும் ஒரு தேர்தலில் கவர் வாங்கியிருக்கிறார். ஐந்நூறு ரூபாய். அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். கேட்டதற்கு, "வாங்கலேன்னா எதிர்க்கட்சிக்காரின்னு சொல்லுவாங்கடா" என்றார். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊரிலும் காகிதத்தில் வரம்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் நாடாளுமன்ற வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம். ஆனால் கட்சி செலவழித்தால் அதற்கு வரம்பே கிடையாது! குமாஸ்தா ஐயா சொன்ன பக்கத்துக் கதவு எங்களுக்கு இதுதான். அது போதாதென்று 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. கம்பெனி பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சியிடம் கொடுக்கும், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஓட்டுப் போடுகிற நமக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் செல்லாது என்றார்கள். வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பின் உயிர். பட்டியல் வெளியே வந்தபோது முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூர் லாட்டரி அதிபரின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்கு வந்தது என்று அந்தக் கட்சியே கொடுத்த கணக்கில் இருந்தது. எல்லாப் பத்திரங்களையும் சேர்த்தால் அதிகம் வாங்கியது பாஜக. அன்று ராத்திரி டார்மிட்டரியில் ஒரே போனைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படித்தோம். நாங்கள் ஓட்டுப் போட்ட கட்சிகள் எல்லாமே அதில் இருந்தன.

அமெரிக்காவில் கோர்ட் திறந்த கதவை எங்கள் கோர்ட் மூடியது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சிமென்ட் கிடங்குப் பணத்துக்கு எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லையே அக்கா.

---

ஈசூன்வாசி

ஓட்டை இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஓட்டை என்று சொல்ல மாட்டேன், வாசற்படி உயரம் என்று சொல்வேன். ஒரு வேட்பாளருக்கு வைப்புத்தொகை 13,500 வெள்ளி. ஐந்து பேர் குழுத்தொகுதி என்றால் 67,500 வெள்ளியை மொத்தமாகக் கட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வாக்கு வராவிட்டால் அத்தனையும் போகும். செலவு வரம்பும் 2011இல் 3.50 வெள்ளியாக இருந்தது, 2015இல் 4 ஆனது, இப்போது 5. விலைவாசி ஏறிவிட்டது, அது நியாயம்தான். ஆனால் உச்சவரம்பைத் தொடும் அளவுக்குப் பணம் இருக்கும் கட்சிக்குத்தான் அந்த உயர்வால் லாபம். நோட்டீஸ் அடிக்கக் கைமாற்று வாங்கும் கட்சிக்கு வரம்பு 3.50ஆக இருந்தால் என்ன, 5ஆக இருந்தால் என்ன? அதனால் உங்கள் தங்கைக்கு வந்த வவுச்சர்தான் என்னை யோசிக்க வைக்கிறது. மேலே கூரை போடுவதோடு கீழே கொஞ்சம் தரையும் போடுகிறார்கள்.

---

அச்சுக்கடைக்காரி

மூவருக்கும் நன்றி. ராத்திரி தங்கையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

ஈசூன்வாசி, கூரையும் தரையும் என்றீர்களே, அதை அவள் ரொம்ப நேரம் பேசினாள். வவுச்சர் வாங்கும் வேட்பாளர் செலவு வரம்புக்கு முதலில் சம்மதிக்க வேண்டுமாம். பக்கத்துக் கதவு அங்கேயும் உண்டு. 2019 நகர மன்றத் தேர்தலில் அமேசான் கிட்டத்தட்ட 1.5 மில்லியன் டாலரைத் தனிக் குழு ஒன்றுக்குக் கொடுத்தது. அந்தக் குழு ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். அடுத்த ஜனவரியிலேயே, ஒரு வெளிநாட்டவர் கையில் ஒரு சதவீதப் பங்கு இருந்தாலும் அந்தக் கம்பெனி நகரத் தேர்தலில் பணம் போடக் கூடாது என்று நகர மன்றம் சட்டம் செய்தது. என் முதலாளி கதையை நினைத்துக்கொண்டேன். 2025 ஆகஸ்டில் வவுச்சர் திட்டத்தைத் தொடர மக்கள் மறுபடியும் வாக்களித்திருக்கிறார்கள். வரி கட்டுகிறவர்கள் அவர்கள்தான், தெரிந்தே வாக்களித்திருக்கிறார்கள்.

வேலூர்த் தம்பி, உங்கள் அம்மாவின் அரிசிப் பானை என் கண்ணிலேயே நிற்கிறது. நீங்கள் கேட்ட சிமென்ட் கிடங்குக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எங்கள் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு போஸ்டரின் அடியிலும் பொடி எழுத்தில், யார் அச்சிட்டது, யார் வெளியிட்டது, யாருக்காக என்று பெயர் போட வேண்டும். அது இல்லாமல் மிஷினில் ஏற்ற மாட்டோம். பத்தொன்பது வருஷமாக அந்த வரியை நான்தான் டைப் செய்கிறேன், இதுவரை ஏன் என்று யோசித்ததில்லை. அந்தத் தாளைத் தெருவில் எடுத்துப் பார்க்கும் யாரும் எங்கள் கடைக்கு நடந்து வந்து "இதற்கு எவ்வளவு, யார் கொடுத்தார்?" என்று கேட்கலாம். கிடங்கில் பிடிபட்ட கட்டுகளில் அப்படி ஒரு வரி இருந்திருக்காது.

குமாஸ்தா ஐயா, உங்கள் வணக்கத்தைச் சேர்த்துவிட்டேன். பெரியவர் போன வாரம் வேறு வேலையாகக் கடைப்பக்கம் வந்திருந்தார், தன் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க. கணக்கெல்லாம் கொடுத்தாயிற்றாம். ஆறு மாதத்துக்கு யார் வேண்டுமானாலும் தேர்தல் துறையில் பார்க்கலாம், யாராவது பார்த்தால் சந்தோஷப்படுவேன் என்றார். வியாழக்கிழமை எனக்கு அரைநாள் லீவு. எங்கள் பில்லும் அந்த ஐயாயிரம் பிரதியும் அதில் எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கல்யாணப் பத்திரிகைக்கு முதலாளி பத்து சதவீதம் குறைத்துக் கொடுத்தார். பெரியவர் அதை மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.